கியர்பாக்ஸ் அசெம்பிளியில் ஷாஃப்ட் சுற்றவில்லை, சுற்றினால் பல்லுக்குள் பல் ஏறுகிறது: மேட் எப்படிக் கொடுப்பது?

தண்டுமுனை (கேள்வி)

வணக்கம். சாலிட்வொர்க்ஸில் (3டி வடிவமைப்பு மென்பொருள்) ஒற்றைக் கட்ட ஸ்பர் (நேர்ப்பல்) கியர்பாக்ஸ் ஒன்றுக்கு அசெம்பிளி போடுகிறேன். மாட்யூல் (பல்லின் அளவு) 2, பினியன் (சிறிய கியர்) 20 பல், பெரிய கியர் 60 பல், மைய தூரம் 80 மி.மீ. இன்புட் ஷாஃப்ட் 20 மி.மீ., இரண்டு 6004 பேரிங். அவுட்புட் ஷாஃப்ட் 30 மி.மீ., இரண்டு 6206. அவுட்புட் ஷாஃப்டின் நுனியில் கிராங்க் தட்டு (ஆரம் 40), அதில் 160 நீளக் கனெக்டிங் ராட், அதன் மறுமுனையில் வழித்தடத்தில் ஓடும் ஸ்லைடர்.

இன்புட் ஷாஃப்டுக்கு இப்போது இருக்கும் மேட்கள் (பாகங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கட்டுப்பாடுகள்): இடது பேரிங் துளையோடு கான்சென்ட்ரிக் (ஒரே அச்சு), வலது பேரிங் துளையோடு கான்சென்ட்ரிக், இரண்டு ஷோல்டரும் (ஷாஃப்டின் படிகள்) அந்தந்தப் பேரிங்கின் பக்க முகத்தோடு கோஇன்சிடென்ட் (ஒரே தளத்தில்), கடைசியாக ஷாஃப்டின் ரைட் பிளேன் அசெம்பிளியின் ரைட் பிளேனுக்கு பேரலல் (இணை). இரண்டாவது கோஇன்சிடென்ட் கொடுத்தவுடன் சிவப்பு விழுகிறது, ஓவர் டிஃபைன்டு (தேவைக்கு மேல் கட்டுப்பாடு) என்கிறது. ஷாஃப்டில் ஷோல்டருக்கு ஷோல்டர் 86.00, ஹவுசிங்கில் பேரிங்குகள் உட்கார்ந்த பிறகு அவற்றின் உள்முகங்களுக்கு இடையே 86.05. சிவப்பான மேட்டை சப்ரெஸ் (நீக்காமல் முடக்கிவைப்பது) செய்தால் பிழை போகிறது, ஆனால் ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் அசையவில்லை.

பேரலலையும் எடுத்துவிட்டு கியர் மேட் (இரண்டு பாகங்களின் சுழற்சியை ஒரு விகிதத்தில் பிணைப்பது) போட்டுப் பார்த்தேன். சுற்றுகிறது, ஆனால் பினியன் ஒரு சுற்று முடிப்பதற்குள் பல்லுக்குள் பல் ஏறிவிடுகிறது. விகிதம் தானாக வந்ததை அப்படியே விட்டேன். எங்கே தவறு?

சுழலி

உங்கள் கேள்வியில் மூன்று தனித்தனிப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை.

முதலில் கணக்கு. எந்தப் பாகத்துக்கும் ஆறு அசைவுகள்: மூன்று அச்சிலும் நகர்வது மூன்று, மூன்று அச்சையும் சுற்றுவது மூன்று. கான்சென்ட்ரிக் மேட் இதில் நான்கைப் பிடிக்கிறது. எஞ்சுவது அச்சு நெடுக நகர்வதும் அச்சைச் சுற்றுவதும். தட்டை முகத்தோடு தட்டை முகம் கோஇன்சிடென்ட் கொடுத்தால் அது மூன்றைப் பிடிக்கும். அதில் இரண்டு, கான்சென்ட்ரிக் ஏற்கெனவே பிடித்தவைதான். ஆக இரண்டும் சேர்ந்து ஐந்து. மிச்சம் ஒன்றே ஒன்று, சுழற்சி. ஒரு ஷாஃப்டுக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரு கான்சென்ட்ரிக், ஒரு முகம். மூன்றாவதாக எதைச் சேர்த்தாலும் ஒன்று சுழற்சியைக் கொல்லும், இல்லையென்றால் முன்னதோடு சண்டை போடும். உங்கள் பேரலல் முதல் வேலையைச் செய்தது, இரண்டாவது ஷோல்டர் இரண்டாவது வேலையைச் செய்தது.

அந்த 86.00, 86.05 விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மென்பொருள் அங்கே சரியாகத்தான் கத்துகிறது. உண்மையான மெஷினிலும் ஷாஃப்டை இரண்டு பேரிங்கும் அச்சுத் திசையில் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. ஒன்று பிடிக்கும், மற்றது மிதக்கும். அப்போதுதான் சூடேறி ஷாஃப்ட் நீளும்போது பேரிங் திணறாது. அசெம்பிளியிலும் அதையே செய்யுங்கள். மெஷினில் எது எதைப் பிடிக்கிறதோ, மேட்டும் அதையே பிடிக்கட்டும். மெஷினில் இல்லாத பிடிப்பு எதுவும் மேட் பட்டியலில் இருக்கக் கூடாது. ஓவர் டிஃபைன்டு பிழைகளில் பெரும்பாதி இதை மீறுவதால் வருவதுதான்.

இரண்டு கான்சென்ட்ரிக் கொடுத்ததும் இதே வகைதான். ஹவுசிங்கின் இரண்டு பேரிங் துளைகளும் ஒரே ஸ்கெட்சிலிருந்து வந்திருந்தால் பிரச்சினை தெரியாது. தனித்தனி ஸ்கெட்சில் வரைந்து ஒன்று 0.002 மி.மீ. தள்ளியிருந்தால்கூட இரண்டு அச்சிலும் ஒரே ஷாஃப்ட் உட்கார முடியாது. இன்று பச்சையாக இருக்கும் அசெம்பிளி நாளைக்கு ஹவுசிங்கைத் திருத்தியவுடன் சிவப்பாவது இதனால்தான்.

நான் சொல்லும் வரிசை இது. ஷாஃப்ட், பினியன், கீ (கியரையும் ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் கட்டை), சர்க்கிளிப் (பிடிப்பு வளையம்), இரண்டு பேரிங் எல்லாவற்றையும் ஒரு துணை அசெம்பிளியாகக் கட்டுங்கள். உள்ளே ஒவ்வொரு பேரிங்கும் ஷாஃப்டோடு கான்சென்ட்ரிக் (அதிலேயே சுழற்சியைப் பூட்டும் லாக் ரொட்டேஷனை டிக் செய்யுங்கள்), ஷோல்டரோடு கோஇன்சிடென்ட். மேல்நிலை அசெம்பிளியில் முதலில் ஹவுசிங்கை ஆரிஜினில் வையுங்கள். பிறகு இந்தத் துணை அசெம்பிளியைக் கொண்டுவந்து இரண்டே மேட்: இடது பேரிங்கின் வெளி விட்டம் ஹவுசிங் துளையோடு கான்சென்ட்ரிக், அதே பேரிங்கின் வெளி வளைய முகம் ஹவுசிங் ஷோல்டரோடு கோஇன்சிடென்ட். வலது பேரிங்குக்கு ஹவுசிங்கோடு எந்த மேட்டும் வேண்டாம். துளைகள் நேர்கோட்டில் இருந்தால் அது தானாகப் போய் உட்காரும். இல்லையென்றால் ஒன்றுக்குள் ஒன்று ஏறும் பாகங்களைத் தேடும் இன்டர்ஃபெரன்ஸ் டிடெக்ஷன் காட்டிக்கொடுக்கும்; அதைத் திருத்த வேண்டிய இடம் ஹவுசிங்.

ஃபீச்சர் ட்ரீ என்ற பாகப் பட்டியலில் பெயருக்கு முன்னால் வரும் குறியைப் பழகிக்கொள்ளுங்கள். கழித்தல் குறி இருந்தால் அசைய இடமிருக்கிறது என்று பொருள். சுழலும் பாகத்துக்கு அது இருந்தே ஆக வேண்டும். கூட்டல் குறி ஓவர் டிஃபைன்டு. எஃப் என்ற எழுத்து இருந்தால் ஃபிக்ஸ் ஆகியிருக்கிறது. முதலில் உள்ளே கொண்டுவரும் பாகத்தை மென்பொருளே ஃபிக்ஸ் செய்துவிடும். யாராவது ஹவுசிங்குக்கு முன்னால் ஷாஃப்டைக் கொண்டுவந்திருந்தால் எத்தனை மேட்டை நீக்கினாலும் அது சுற்றாது. வலது கிளிக், ஃப்ளோட்.

இனி கியர் மேட். சாலிட்வொர்க்ஸ் தானாக நிரப்பும் விகிதம் நீங்கள் தொட்ட உருளை முகங்களின் விட்டம். பல் எத்தனை என்று அதற்குத் தெரியாது. பல் நுனியைத் தொட்டிருப்பீர்கள்: மாட்யூல் 2-க்கு நுனி விட்டம் 44, 124. அந்த விகிதத்தில் பினியன் ஒரு சுற்றுக்குப் பெரிய கியர் 360 × 44 / 124 = 127.74 டிகிரி போகும். போக வேண்டியது 120. பிழை 7.74 டிகிரி, 60 பல் கியரில் ஒரு பல்லின் இடமே 6 டிகிரிதான். பல் ஏறாமல் என்ன செய்யும்? எந்த முகத்தைத் தொட்டாலும் சரி, பெட்டியில் 20, 60 என்று கையால் அடியுங்கள். இரண்டும் வெளிப்பல் கியர் என்பதால் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும். ஒரே திசையில் சுற்றினால் ரிவர்ஸ்.

விகிதம் சரியாக இருந்தும் பல் கடிக்கலாம். கியர் மேட்டுக்கு பல்லின் வடிவம் தெரியாது. மேட் போட்ட நொடியில் இரண்டும் எந்த நிலையில் இருந்தனவோ அங்கிருந்து விகிதத்தைக் காக்கும், அவ்வளவுதான். எனவே முதலில் பல்லைப் பொருத்துங்கள். பினியன் பார்ட்டில் ஒரு பல்லின் நடுவே போகும் பிளேன், பெரிய கியர் பார்ட்டில் ஒரு பல்லிடைவெளியின் நடுவே போகும் பிளேன். அசெம்பிளியில் இரண்டு ஷாஃப்ட் அச்சுகளையும் இணைக்கும் பிளேன் ஒன்று. முதல் இரண்டையும் மூன்றாவதோடு கோஇன்சிடென்ட் செய்யுங்கள். பல்லும் இடைவெளியும் எதிரெதிரே வந்துவிடும். இப்போது அந்த இரண்டு மேட்டையும் சப்ரெஸ் செய்துவிட்டு, எதையும் தொடாமல், கியர் மேட் போடுங்கள். லைப்ரரி கியர்களில் முன்னிருப்பு பிளேன் இரண்டிலும் பல்லின் நடுவே போவதாக இருந்தால், பெரிய கியரை அரைப் பல், அதாவது 3 டிகிரி திருப்பினால் போதும்.

அந்தப் பொருத்தும் மேட்களை நீக்காதீர்கள். 'பல் பொருத்தம்' என்று ஒரு ஃபோல்டரில் சப்ரெஸ் ஆகவே கிடக்கட்டும். என்றாவது கியர் மேட்டை நிறுத்திவிட்டு யாராவது ஷாஃப்டை இழுத்தால் பொருத்தம் போய்விடும். அப்போது கியர் மேட் சப்ரெஸ், பொருத்தும் மேட்கள் அன்சப்ரெஸ், மீண்டும் அவை சப்ரெஸ், கியர் மேட் அன்சப்ரெஸ். இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால் எதுவும் அசையாது.

மரைகோல்

சுழலி சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பேரிங்கை ஷாஃப்டின் குழுவில் வைத்தால் வெளி வளையமும் சேர்ந்து சுற்றும். படத்துக்கு அது தொந்தரவில்லை. ஆனால் பேரிங் கவரை அந்த வெளி வளையத்தின் மேல் மேட் செய்து, கான்சென்ட்ரிக்கில் லாக் ரொட்டேஷனும் டிக் செய்துவிட்டால், ஷாஃப்டைச் சுற்றும்போது கவரும் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். இல்லை, கவர் ஏற்கெனவே ஹவுசிங்கோடு கட்டப்பட்டிருந்தால் ஷாஃப்டே நின்றுவிடும், காரணம் எங்கே என்று தேடி நேரம் போகும். நிற்கும் பாகங்கள் எல்லாம் ஹவுசிங்கை மட்டுமே பிடிக்க வேண்டும், பேரிங்கையோ ஷாஃப்டையோ அல்ல.

உற்பத்தியாளர் தளத்திலிருந்து இறக்கிய பேரிங் மாடல் குண்டு, கேஜ் எல்லாம் தனித்தனியாக உள்ள அசெம்பிளியாக வந்தால் அதை ஒரே பார்ட்டாகச் சேமித்துக்கொள்ளுங்கள். நான்கு பேரிங்கின் குண்டுகளையும் சேர்த்துத் தீர்வு காண மென்பொருளுக்கு எந்த அவசியமும் இல்லை.

கீவழி

சின்னச் சின்னதாக இரண்டு.

கீ: 20 மி.மீ. ஷாஃப்டுக்கு 6 × 6 கீ. கீயின் இரண்டு பக்கமும் கீவே சுவர்களோடு கோஇன்சிடென்ட் கொடுத்தால், வழி 6.00 ஆக இருக்கும்வரை ஒத்துக்கொள்ளும். யாராவது டாலரன்ஸுக்காக 6.03 என்று மாற்றிய அன்றே சிவப்பு. நடு பிளேனோடு நடு பிளேன், அல்லது விட்த் மேட் (இரு சுவர்களுக்கும் நடுவில் நிறுத்துவது). பினியனை ஷாஃப்டில் ஏற்றும்போதும் அப்படியே: துளை கான்சென்ட்ரிக், முகம் ஷோல்டரோடு, கீவேயின் நடு பிளேன் கீயின் நடு பிளேனோடு. இங்கே லாக் ரொட்டேஷனைப் பயன்படுத்தாதீர்கள். அது அந்த நேரத்தில் இருக்கும் கோணத்தில் பூட்டிவிடும். கீவே எங்கே, கீ எங்கே என்று கவலைப்படாது.

போல்ட்: கவரின் எம்6 போல்ட்டுகள், வாஷர்கள் இவற்றுக்குத்தான் லாக் ரொட்டேஷன். இல்லாவிட்டால் ட்ரீ முழுக்கக் கழித்தல் குறியாக இருக்கும், உண்மையில் சுற்ற வேண்டியது எது என்று கண்ணுக்குத் தெரியாது. முடித்த பிறகு இந்த அசெம்பிளியில் அந்தக் குறி இன்புட் குழு, அவுட்புட் குழு, ராட், ஸ்லைடர் நான்கில் மட்டுமே இருக்க வேண்டும்.

தண்டுமுனை

அனைவருக்கும் நன்றி. இரண்டு ஷாஃப்டும் இப்போது இரண்டிரண்டு மேட்டில் நிற்கின்றன, 20 : 60 கையால் அடித்தேன், பல் பொருந்தி ஓடுகிறது. கவர் ஒன்று மரைகோல் சொன்னபடியே பேரிங்கைப் பிடித்திருந்தது, மாற்றிவிட்டேன்.

மிச்சம் கிராங்க் பக்கம். கிராங்க் தட்டு, ராட், ஸ்லைடர் மூன்றையும் ஒரு துணை அசெம்பிளியாக வைத்திருக்கிறேன். அதைத் தனியாகத் திறந்தால் ஓடுகிறது. மேல்நிலையில் விறைத்து நிற்கிறது. ஷாஃப்டும் சேர்ந்து நின்றுவிடுகிறது. இன்னொன்று, கிராங்க் நிலையைக் கட்டுப்படுத்தக் கோண மேட் கொடுத்திருந்தேன். 0-க்குக் கொண்டுபோனால் திடீரென்று மறுபக்கம் புரண்டுவிடுகிறது.

நாற்கண்ணி

விறைப்புக்குக் காரணம்: துணை அசெம்பிளி மேல்நிலைக்கு வரும்போது முன்னிருப்பாக ரிஜிட். உள்ளே எத்தனை அசைவு இருந்தாலும் மேலிருந்து பார்த்தால் அது ஒரே கட்டி. ஸ்லைடர் ஹவுசிங்கின் வழித்தடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, கிராங்க் தட்டு ஷாஃப்டோடு கட்டப்பட்டிருக்கிறது. கட்டி எப்படிச் சுற்றும்?

காம்போனென்ட் ப்ராப்பர்ட்டீஸில் சால்வ் ஆஸ் என்ற இடத்தில் ஃப்ளெக்சிபிள் என்று மாற்றினால் ஓடும். ஆனால் இந்த இடத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஃப்ளெக்சிபிள் ஆக்கினால் உள் மேட்களையும் மேல்நிலை மேட்களையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும், அசெம்பிளி கனமாகும். அதைவிட முக்கியம், பாகங்களைச் சேர்த்த விதமே இங்கே தவறு. துணை அசெம்பிளி என்பது சேர்ந்தே அசையும் பாகங்களின் குழுவாக இருக்க வேண்டும். கிராங்க் தட்டு அவுட்புட் ஷாஃப்டோடு அசைகிறது. அது அந்தக் குழுவுக்குப் போகட்டும். ராட், அதன் புஷ்கள், மூடி போல்ட்டுகள் ஒரு குழு. ஸ்லைடர், பின் ஒரு குழு. மூன்றும் ரிஜிட். மேல்நிலையில் அவற்றுக்கு இடையே உள்ள மூட்டுகளை மட்டும் கொடுங்கள். ஃப்ளெக்சிபிள் என்பது ஹைட்ராலிக் சிலிண்டர் போல ஒரே பாகம் பல இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் வேறு நீளத்தில் நிற்க வேண்டியிருக்கும்போது தேவைப்படுவது.

மூட்டுகள் இப்படி. ராடின் பெரிய முனை கிராங்க் பின்னோடு கான்சென்ட்ரிக், பக்க முகம் கிராங்க் தட்டின் முகத்தோடு கோஇன்சிடென்ட். சிறிய முனை ஸ்லைடர் பின்னோடு கான்சென்ட்ரிக் மட்டும். இங்கே பக்க முகம் கொடுக்க வேண்டாம். ராடின் அச்சுத் திசை இடத்தை ஒரு முனையே தீர்மானித்துவிட்டது; இரண்டாவது முனையும் தீர்மானிக்கப் போனால், ஷாஃப்டின் 86.05 கதைதான் மீண்டும். ஸ்லைடருக்கு வழித்தடத்தின் அடி முகம் ஒன்று, பக்க முகம் ஒன்று. இரு பக்கமும் கொடுக்காதீர்கள், தேவைப்பட்டால் நடு பிளேன்.

போட்டு முடித்ததும் அளந்து பாருங்கள். கிராங்க் அச்சு ஸ்லைடரின் பின் ஓடும் கோட்டிலேயே இருந்தால் மொத்த ஓட்டம் 2 × 40 = 80. மேல் முனையிலிருந்து கிராங்க் 90 டிகிரி திரும்பும்போது ஸ்லைடர் நகர்ந்திருக்க வேண்டியது 40 அல்ல: 200-இலிருந்து 160², 40² வித்தியாசத்தின் வர்க்கமூலம் 154.92-ஐக் கழித்தால் 45.08. மெஷர் கருவி அதைக் காட்டவில்லையென்றால் ஏதோ ஒரு மூட்டு தவறான விளிம்பைப் பிடித்திருக்கிறது.

கோண மேட் புரள்வது: 0-இலும் 180-இலும் இரண்டு பிளேன்களும் ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. அந்த இடத்தைக் கடந்து எந்தப் பக்கம் எழ வேண்டும் என்று சால்வருக்குத் தெரியாது. +30-உம் −30-உம் அதற்கு ஒரே விடை. ரெஃபரன்ஸ் என்டிட்டி என்ற இடத்தில் ஷாஃப்ட் அச்சைக் கொடுத்தால் திசை நிலைக்கும். அதையும் படத்துக்காக ஒரு நிலையில் நிறுத்த மட்டும் பயன்படுத்துங்கள். முனை நிலைகளுக்கு 0 டிகிரி கோணம் கொடுப்பதைவிட பேரலல் மேல். அதில் அலைன்டு, ஆன்டி அலைன்டு என்று பக்கத்தை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். இரண்டு கான்ஃபிகரேஷன் வைத்துக்கொள்ளுங்கள்: 'படம்' என்பதில் நிலை மேட் உயிரோடு, 'ஓட்டம்' என்பதில் சப்ரெஸ். ஓட்டிப் பார்க்க கிராங்கைப் பிடித்து இழுங்கள், ஸ்லைடரை அல்ல. முனை நிலையில் ஸ்லைடரை இழுத்தால் கிராங்க் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு விடையே கிடையாது, மெஷினிலும் அப்படித்தான்.

மோஷன் அனாலிசிஸில் விசை எடுக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு கணக்கு உண்டு. ஹவுசிங் நிற்க, மூன்று பாகம் அசைகிறது: 18 அசைவுகள். மேலே சொன்னபடி ஷாஃப்ட் 5, பெரிய முனை 5, சிறிய முனை 4, ஸ்லைடர் 5, மொத்தம் 19. கணக்குப்படி −1, ஆனால் ஓடுகிறது. ஆக இரண்டு பிடிப்பு கூடுதல். இடம் மட்டும் பார்க்கும்போது இது தொந்தரவு தராது, ஏனென்றால் எல்லா அச்சுகளும் உண்மையிலேயே இணையாக உள்ளன. விசை கேட்கும்போதுதான், சுமையை எந்த மூட்டு தாங்குகிறது என்பதை மென்பொருள் தன் இஷ்டத்துக்குப் பிரிக்கும். பேரிங் விசை அபத்தமாக வரும். பெரிய முனையை ஒரு புள்ளியோடு புள்ளி கோஇன்சிடென்ட், அதாவது பந்து மூட்டு ஆக்குங்கள்: 3. இப்போது 5 + 3 + 4 + 5 = 17, மிச்சம் சரியாக ஒன்று.

தறிச்சக்கரம்

இழையைப் படிப்பவர்களில் வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்காக. கணக்கு ஒன்றுதான், விகிதம் அடிக்கும் இடம்தான் ஒவ்வொன்றிலும் வேறு. அதில்தான் நிறையப் பேர் தலைகீழாக அடிக்கிறார்கள்.

ஃபியூஷனில் மேட் இல்லை, ஜாயின்ட். ரெவல்யூட் ஜாயின்ட் ஒன்று கொடுத்தால் ஐந்தும் ஒரே அடியில் போய்விடும், சுழற்சி மட்டும் மிஞ்சும். ஹவுசிங்கை கிரவுண்ட் செய்ய மறக்காதீர்கள். சேர்ந்து அசையும் பாகங்களுக்கு ரிஜிட் குரூப். கியருக்கு மோஷன் லிங்க்: அது கேட்பது பல் எண்ணிக்கை அல்ல, கோணம். பினியனுக்கு 360, பெரிய கியருக்கு 120. பழக்கதோஷத்தில் 20, 60 என்று அடித்தால் பெரிய கியர் பினியனைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடும். ரிவர்ஸ் டிக் வேண்டுமா என்பது இரண்டு ஜாயின்ட்டின் அச்சு அம்புகளும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்பதைப் பொறுத்தது, எனவே ஓட்டிப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

இன்வென்டரில் கன்ஸ்ட்ரெயின்ட் பெட்டியின் மோஷன் தாவலில் ரொட்டேஷன். முதலில் தொட்டது ஒரு சுற்று சுற்றினால் இரண்டாவது எத்தனை சுற்று என்பதே அங்கே விகிதம். பினியனை முதலில் தொட்டால் மூன்றில் ஒன்று. 0.333 என்று அடிக்காதீர்கள். பத்து பினியன் சுற்றில் 1.2 டிகிரி பின்தங்கும், ஐம்பது சுற்றில் ஒரு முழுப் பல். 20/60 என்று வகுத்தலாகவே அடியுங்கள்.

ஃப்ரீகேட் 1.0-இலிருந்து அசெம்பிளி ஒர்க்பெஞ்ச் உள்ளேயே வருகிறது. ஹவுசிங்கை கிரவுண்ட் செய்து, இரண்டு ஷாஃப்டுக்கும் ரெவல்யூட் ஜாயின்ட் போட்ட பிறகே கியர்ஸ் ஜாயின்ட். அது கேட்பது ஆரம்: பிட்ச் ஆரம் (மாட்யூல் × பல் எண்ணிக்கை / 2) 20, 60. மாட்யூல் 2 என்பதால் பல் எண்ணிக்கையும் அதே எண்ணாக வருகிறது, இது தற்செயல். மாட்யூல் 3 ஆக இருந்தால் 30, 90.

கிரியோவில் பின் கனெக்ஷன்: அச்சோடு அச்சு, முகத்தோடு முகம், இரண்டையும் அதுவே வரிசையாகக் கேட்கும்.

தண்டுமுனை

கிராங்க் தட்டை ஷாஃப்ட் குழுவுக்கு மாற்றினேன், 45.08 சரியாக வருகிறது. அடுத்த மாடலில் இன்புட் பக்கம் பிளானெட்டரி (நடுவில் சன் கியர், அதைச் சுற்றிப் பிளானெட் கியர்கள், வெளியே உட்பல் ரிங்) வரப்போகிறது: சன் 18, பிளானெட் 27, ரிங் 72, மூன்று பிளானெட். ரிங் நிற்கிறது. பிளானெட்டின் அச்சே நகர்வதால் எந்த விகிதம் கொடுப்பது என்று குழப்பம்.

சுழலி

பல் எண்ணிக்கை சரி: 18 + 2 × 27 = 72. பொருத்த முடியுமா என்பதற்கு (18 + 72) / 3 = 30, முழு எண், சரி.

ரிங் நிற்க, சன் ஐந்து சுற்று சுற்றினால் கேரியர் (பிளானெட்களைத் தாங்கும் பாகம்) ஒரு சுற்று, 1 + 72/18. சன், கேரியர் இரண்டின் அச்சும் நகராதது, எனவே அவற்றுக்கு இடையே 1 : 5 எந்தக் குழப்பமும் இல்லாமல் கொடுக்கலாம், ஒரே திசையில். குழப்பம் பிளானெட்டில்தான், ஏனென்றால் அதன் சுழற்சியை இரண்டு இடத்திலிருந்து பார்க்கலாம். கேரியரின் மேல் உட்கார்ந்து பார்த்தால் கேரியரின் ஒரு சுற்றுக்குப் பிளானெட் எதிர்த் திசையில் 72/27, அதாவது 8/3 சுற்று. ஹவுசிங்கிலிருந்து பார்த்தால் அதில் கேரியரின் ஒரு சுற்று கழிந்து எதிர்த் திசையில் 5/3. ஃபியூஷனில் பிளானெட்டின் ஜாயின்ட் கேரியரோடு இருப்பதால் முதல் கணக்கு: கேரியர் 90, பிளானெட் 240, எதிர்த் திசை. உங்கள் மென்பொருள் எதை எடுக்கிறது என்று யோசிப்பதைவிடச் சோதிப்பது எளிது. கேரியரை 90 டிகிரி திருப்புங்கள். சன் 450 போயிருக்க வேண்டும், பிளானெட்டின் மேல் போட்ட ஒரு குறி ஹவுசிங்கைப் பொறுத்து எதிர்த் திசையில் 150 திரும்பியிருக்க வேண்டும். எந்த விகிதம் 150 தருகிறதோ அதுவே சரி.

மூன்று பிளானெட்டுக்கும் தனித்தனி மேட் வேண்டாம். ஒன்றை மட்டும் கட்டி, சன் அச்சைச் சுற்றி 120 டிகிரியில் காம்போனென்ட் பேட்டர்ன் போடுங்கள். 18-உம் 72-உம் மூன்றால் வகுபடுவதால் 120 டிகிரி தள்ளிப் பார்த்தாலும் பற்கள் அதே நிலையில் இருக்கும், மூன்றும் பொருந்தும். இதை எல்லா எண்ணுக்கும் நம்ப வேண்டாம். சன் 20, பிளானெட் 25, ரிங் 70 என்று எடுத்தால் 90/3 முழு எண்தான், மெஷினில் பொருத்திவிடலாம். ஆனால் 20 மூன்றால் வகுபடாது. ஒவ்வொரு பிளானெட்டும் வேறு பல் நிலையில் நிற்க வேண்டும், பேட்டர்ன் போட்டால் இரண்டு பிளானெட் சன்னின் பல்லுக்குள் ஏறி நிற்கும். அப்போது மூன்றையும் தனித்தனியாகப் பல் பொருத்தி மேட் செய்தே ஆக வேண்டும்.